ஜாக்கெட்டோடு எடுத்த அளவு

மச்சான், இன்று காலை கராஜுக்குள் உன் வாளை மேசையில் வைத்துவிட்டு உன் மகளுக்காகக் காத்திருந்தேன். அப்பாவின் வாளில் தானும் பழகப் போகிறாளாம். தன் கைக்கு அளவாய்ப் புதுப் பிடி வேண்டுமாம். குளிருக்குத் தடித்த ஜாக்கெட்டைப் போட்டபடி, உனக்கு நான் செய்த பழைய பிடியை என் கையோடு வைத்துப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் ஜாக்கெட் துணி கொழுக்கட்டை போலத் திரண்டு நின்றது. பிடியின் அடி முட்டியது அந்தத் துணியில்தான், மடிப்பில் இல்லை.

ஜப்பானிய வாளுக்குப் பிடி போடும்போது நாங்கள் பார்க்கிற அளவு உனக்குத் தெரியும். கையைக் காக்கிற தட்டுக்குக் கீழே பிடித்தால், பிடியின் அடி முழங்கை மடிப்பில் வந்து முட்ட வேண்டும். உனக்கு அளவெடுத்ததும் இதே கராஜில்தான், மைனஸ் இருபதில். "ஜாக்கெட்டைக் கழட்டட்டோ?" என்று கேட்டாய்.

"வேண்டாமடா, விறைச்சுப் போவாய். எனக்கு அளவு தெரியும்" என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி. துணியில் முட்டிய இடத்தை மடிப்பென்று நினைத்து மரத்தை அறுத்தேன். ஓர் அங்குலம் போய்விட்டது.

"பிடி கட்டையாக் கிடக்கு மச்சான்" என்று நீ இரண்டு தரம் சொன்னாய். நான் காதிலேயே போடவில்லை.

பிறகு நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் வாள் பழகும் மண்டபத்தில் அந்த நாள். வெட்டிப் பழக நனைத்துச் சுருட்டி நிறுத்திய பாயை நீ வெட்டும்போது, உன் இடக்கை பிடியின் அடியிலிருந்து வழுக்கியது. வாள் நுனி என் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு போனது. பயத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. உன் மகளும் பார்த்துக்கொண்டு நிற்க, "பிடிக்கத் தெரியாதவனுக்கு வாள் எதுக்கடா?" என்று கத்தினேன். நீ வாளை உறையில் போட்டாய். அதற்குப் பிறகு பழக வரவேயில்லை. நானும் வீம்புக்குப் போன் எடுக்கவில்லை. இலை கொட்டுகிற காலத்தில் உன் இதயம் நின்றுவிட்டது.

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே வெளியே உன் மகளின் கார் வந்து நின்றது. பழைய பிடியை எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட யோசித்தேன், மச்சான். உன்னிடம் மறைத்து என்ன பயன்.

உன் மகள் உள்ளே வந்து கையை நீட்டினாள். "அங்கிள், ஜாக்கெட்டைக் கழட்டட்டோ?"

உன் குரலே கேட்டதுபோல இருந்தது. பழைய பிடியை அவள் முன்னால் வைத்தேன்.

"கழட்டு பிள்ளை. உன்ர அப்பாவும் இதைத்தான் கேட்டவர். நான்தான் வேண்டாமெண்டனான். அவருக்குப் பிடிக்கத் தெரியும். நான் அறுத்ததுதான் பிழை."

கோபமோ அழுகையோ, எதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவள் மெல்ல ஜாக்கெட்டைக் கழற்றி, பழைய பிடிக்குப் பக்கத்தில் வைத்தாள். குளிரில் மயிர்க்கூச்செறிந்த வெறுங்கையை மறுபடி நீட்டினாள்.

"இந்த முறை வடிவா அளவுங்கோ, அங்கிள்."

நானும் என் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத்தான் அளந்தேன், மச்சான்.