மைக்செட்காரரிடம் கேட்காதது

மார்ச் 3, செவ்வாய்

மையத்தில் இன்று மறுபடி சண்டை. மற்றவர் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்கிற இடம். இருப்பது மூன்று பேர். அந்த மூன்று பேருக்குள்ளேயே தினம் ஒரு பஞ்சாயத்து.

எதிர் அறைக்காரன் தன் வண்டியில் கட்சிக் கொடி ஒட்டியிருக்கிறான். இந்த நோட்டில் அவனுக்குக் 'கொடி' என்றே பெயர் வைத்துவிட்டேன். அந்தக் கட்சி ஜெயித்தால், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தாங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டுமாம். என் மாமனார் அப்படி வந்தவர்தான். ஆக, என் வீட்டுக்காரரும் போய் நிற்க வேண்டும். அந்த வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மையத்தை நடத்துகிற பெரிய மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் அவனைக் கூப்பிட்டு வண்டியைப் பின்பக்கம் நிறுத்தச் சொன்னார்.

மறுபேச்சில்லாமல் நிறுத்தினான். அப்புறம் என் அறை வாசலுக்கு வந்து, "வண்டிய பின்னாடி நிறுத்திட்டேன் மேடம். எங்க கட்சிக்காரங்க ஆலோசனைக்கு வந்தா நீங்க உங்க மூஞ்சிய எங்க நிறுத்தப் போறீங்க?" என்றான்.

திமிர். என்னைவிடப் பத்து வயசு சின்னவன், எனக்குப் பாடம் எடுக்குறான்!

மார்ச் 5, வியாழன்

புது ஆள் ஒருவர். மைக்செட் வாடகைக்கு விடுகிறவர், ஐம்பதைத் தாண்டியிருக்கும். மனைவி போன வருஷம் இறந்துவிட்டாள். ஒரே மகன். அரசியல் பேசிப் பேசியே தகராறாகி, வீட்டை விட்டுப் போய்விட்டான். போனை எடுப்பதில்லை. இவருக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கர்சீப்பை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

பாவம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தார். "எல்லாம் இந்த வந்தேறிங்களால வந்த வினை மேடம். எம் பையனக் கெடுத்ததே அவனுங்க சகவாசம்தான். ஒருத்தன் விடாம அனுப்பி வெச்சாத்தான் நாடு உருப்படும்."

காலையில் என் வீட்டுக்காரர் கட்டிக்கொடுத்த டிபன் டப்பா மேசைக்கடியில் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு புரியுதுங்க ஐயா" என்றேன். முழு நேரமும் தேன் தடவிய குரல். ஒரு வார்த்தை வாய் தவறவில்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. இதற்குத்தானே இத்தனை வருஷப் படிப்பு?

மார்ச் 6, வெள்ளி

"ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அறைக்குள் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. சொல்லலாம் என்றாலும் இவரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

மார்ச் 10, செவ்வாய்

மைக்செட்காரர் இரண்டாம் முறை வந்தார். இன்று அதிகம் பேசவில்லை. தெருவில் ஊர்வலம் போயிற்று, காது கிழிகிற சத்தம். ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "உங்க செட்டா?" என்று கேட்டேன். அதில் ஒரு குத்தல் இருந்தது, இல்லை என்று நடிக்க மாட்டேன்.

"இல்ல மேடம். மொத்த செட்டையும் கூட்டாளிகிட்டயே குடுத்துட்டேன். இனிமே எனக்கெதுக்கு?"

ஊர் காது தப்பித்தது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நேரம் முடிவதற்கு முன்பே எழுந்தார். நான் தடுக்கவில்லை. ஆள் போனால் போதும் என்றிருந்தது.

மார்ச் 11, புதன்

புதன்கிழமைகளில் மூன்று பேரும் உட்கார்ந்து, பெயர் சொல்லாமல், அந்த வாரம் வந்தவர்களில் கஷ்டமானவர்களைப் பற்றிப் பேசுவோம். நான் மைக்செட்காரரைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு பொறுமையாக இருந்தேன் என்று காட்டத்தான் சொன்னேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

கொடி நிமிர்ந்தான். "தேர்தல் நேரத்துல எவனாவது மைக்செட்ட தூக்கிக் குடுப்பானா மேடம்? வருஷத்துல அவங்களுக்கு நாலு காசு வர்றதே இப்பத்தான்." என் பக்கம் திரும்பி, "அந்தக் கேள்விய கேட்டீங்கல்ல?" என்றான்.

அந்தக் கேள்வி — உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்பது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று யார் வந்தாலும் முதல் நாளே, சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டியது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானேதான் சொல்லித் தருகிறேன். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்காவிட்டால்தான் அதோடு தனியாகக் கிடப்பார்கள் என்று.

"கேட்டேன்" என்றேன்.

கேட்கல. ரெண்டு தடவை வந்தாரு, ரெண்டு தடவையும் கேட்கல. அவர் மேல இருந்த கோபத்தக் காட்டாம இருக்கறதுலயே என் புத்தி முழுக்கப் போயிடுச்சு.

ஏன் பொய் சொன்னேன்? பெரிய மேடம் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்டவன் இவன். இவன் முன்னால் தலை குனிவதா என்ற வீம்பு. ஒரு உயிரை வைத்துக்கொண்டா வீம்பு?

சாயங்காலத்திலிருந்து போன் போடுகிறேன். அணைத்து வைத்திருக்கிறார்.

மார்ச் 12, வியாழன்

காலையிலும் போன் அணைந்தே இருந்தது. நேராகக் கொடியின் அறைக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை. "நேத்து பொய் சொல்லிட்டேன். நான் கேக்கல."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "வாங்க, பெரிய மேடத்துக்கிட்ட போலாம். அவசரத்துக்கு யார் நம்பர் குடுத்திருக்காரு?"

மகனுடையது. உயிர் என்று வந்தால் ரகசியம் இரண்டாம்பட்சம் என்பது எங்கள் விதி. மேடம் உடனே பேசச் சொன்னார். மகன் முதலில் எடுக்கவில்லை. கொடி தன் போனிலிருந்து போட்டு, மணி அடித்ததும் என்னிடம் நீட்டினான்.

"அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல. வெச்சிடுங்க."

"வெக்காதீங்க தம்பி. அவரு ஏதாவது பண்ணிக்குவாரோன்னு பயமா இருக்கு. இப்பவே போய்ப் பாருங்க."

"அப்பாவா?" என்றான். வேறு குரல்.

மகன் மத்தியானம்தான் கூப்பிட்டான். அதற்குப் பிறகும் டப்பாவைத் திறக்கத் தோன்றவில்லை. கொடியும் சாப்பிடவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். மைக்செட்காரர் உயிரோடு இருக்கிறார். திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னான். கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 13, வெள்ளி

பெரிய மேடம் வெளுத்து வாங்கினார். வேண்டும் எனக்கு. இனி மைக்செட்காரரைக் கொடியிடம் அனுப்பிவிடலாம், இருவருக்கும் ஒத்துப்போகும் என்றேன். கொடி முந்திக்கொண்டான். "எங்கிட்ட வந்தா ரெண்டு பேரும் கட்சியப் பேசியே பொழுத ஓட்டிடுவோம் மேடம். அவருக்கு அதுவா வேணும்?"

மேடம், "அவர் வரட்டும். யார்கிட்ட பேசணும்னு அவரையே கேளுங்க" என்றார்.

கொடி இன்னும் அந்தக் கட்சிதான். அந்தச் சட்டத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிவதும் நிற்கவில்லை. ஆனால் நேற்று என்னோடு பட்டினி கிடந்தவனும் அவன்தான். என்ன செய்ய?

மார்ச் 19, வியாழன்

வந்தார். மகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

கதவைச் சாத்தியதும் கேட்டேன். "செத்துப்போயிடலாம்னு தோணுச்சா?"

கர்சீப் மடிப்பது நின்றது. "ஆமா மேடம்."

"இப்ப?"

"அப்பப்ப வருது. முன்ன மாதிரி இல்ல. மாத்திரை குடுத்திருக்காங்க. பையன் கூடவே இருக்கான்."

"மொத நாளே நான் கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன். ஆனா உங்களுக்கு என்னப் புடிக்கலன்னு தெரிஞ்சுபோச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்படி என்று கேட்டேன்.

"ரொம்ப மரியாதையா பேசினீங்களே. எதிர்க்கட்சிக்காரன் கல்யாணத்துக்கு வந்தா 'வாங்க வாங்க'ன்னு கும்பிடுவோம் பாருங்க, அந்த மரியாத."

வேறு ஒருவரிடம் பேச விருப்பமா என்றேன். கர்சீப்பைப் பைக்குள் வைத்தார். "இன்னைக்குத்தான் மனுஷி மாதிரி பேசுறீங்க. இங்கயே வர்றேன்."

ஏப்ரல் 14, செவ்வாய்

அந்தக் கட்சி ஜெயித்துவிட்டது. பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் தன் அப்பாவின் பழைய சான்றிதழ்களைப் பரப்பி, கிழிந்ததையெல்லாம் டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

மைக்செட்காரர் வாரா வாரம் வருகிறார். இன்று, ஜெயித்த சந்தோஷத்தை என்னிடம் சொன்னார். வந்தேறிகளைப் பற்றி அவர் எண்ணம் இம்மியும் மாறவில்லை. எனக்குக் கசந்தது. கசக்கட்டும். அதை இப்போது தேனில் முக்குவதில்லை. "அரசியல் இருக்கட்டும், தூங்குனீங்களா?" என்றேன். தூங்குகிறாராம். மகனோடு சண்டை போட்டுக்கொண்டே இரண்டு வேளை சாப்பிடுகிறாராம்.

இப்போதுதான் வீட்டுக்காரர் டேப்பைக் கிழித்தபடியே கேட்டார். "போன மாசம் ஒரு நாள் டப்பாவ அப்படியே கொண்டுவந்தியே, யாருக்கோ என்ன ஆச்சோன்னு பயந்துபோயி சாப்பிடலன்னு. அந்த ஆளு இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

"அப்பாடா" என்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "யாரு பெத்த புள்ளையோ. நல்லா இருக்கட்டும்."

நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். அவர் முன்னால் அழுதால், ஏன் என்று சொல்ல வேண்டிவரும்.