வத்தல்மலைக்கு வந்த வண்டு

என் வீடு முழுக்கப் பாச்சை உருண்டை நெடி. ஒரு வாரமாகக் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தும் போகவில்லை. காரணம் நீதான். போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் வீட்டுக்காரர் அரூரிலிருந்து பஸ் பிடித்து, ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொரப்பூரில் என் வாசலில் வந்து நின்றார்.

"வண்டு டப்பா எல்லாம் உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போச்சுங்க டீச்சர். வூட்டுல கெடந்தா எறும்பு தின்னுரும்ங்க."

தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பிவிட்டார். அவரைச் சொல்லி என்ன? ஆறு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தவள் நான். உன் சாவுக்கு வந்து, மற்ற டீச்சர்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, மாலையைப் போட்டுவிட்டு முதல் ஆளாகக் கிளம்பியவளும் நான்தான். அப்போதும் எனக்கு உன் மேல் கோபம் தீரவில்லையடி. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கூடப் பார்த்தேன், தீரவில்லை.

பெட்டிக்குள் எல்லாம் ஸ்வீட் டப்பா. ஒவ்வொன்றிலும் தெர்மாகோல், அதில் குண்டூசி, குண்டூசியில் வண்டு, வண்டுக்குக் கீழே உன் பொடி எழுத்தில் ஒரு சீட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. அதைப் பிரித்த நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மடலை எழுதி முடித்தாலாவது இறங்குமா பார்க்கிறேன்.

நாம் இரண்டு பேரும் அரூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வருஷம் சேர்ந்தோம். நீ விலங்கியல், நான் புவியியல். பிள்ளைகள் உன்னை வண்டு டீச்சர் என்றும் என்னைக் கல்லு டீச்சர் என்றும் கூப்பிட்டது நமக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார்கள், கழுதைகள். சனிக்கிழமை ஆனால் இரண்டு பேரும் சித்தேரி பஸ்ஸில் ஏறிவிடுவோம். அப்படிப் போன ஒரு நாள்தான் மலை மேல், மக்கிய இலைக்கு அடியிலிருந்து அந்தக் கறுப்பு வண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். நான் வீல் என்று கத்தினேன்.

"கத்தாதடி ஜெசி, இது பறக்காது. முதுகு ஓடு ரெண்டும் ஒட்டிப் போச்சு, உள்ள இறக்கையே கெடையாது. கீழ இருக்கிற வெயில்ல விட்டா அரை நாள் தாங்காது."

"பறக்காது, வெயிலும் தாங்காதுன்னா எப்படி இவ்வளவு தூரம் மலை ஏறுச்சு?"

"நீதானே கல்லு டீச்சர், நீ சொல்லு."

சும்மா விடுவேனா? அங்கேயே பாறை மேல் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். வண்டு ஏறவே இல்லை. சுற்றியிருந்த தரைதான் இறங்கிப் போனது. இந்தப் பக்கத்து மலைகள் பூமியிலிருந்து புதிதாக முளைத்தவை அல்ல. ஒரு காலத்தில் எல்லாம் ஒரே மேட்டு நிலம். மழையும் ஆறும் கோடிக்கணக்கான வருஷமாக அரித்து அரித்து இடையில் இருந்ததைக் கொண்டுபோய்விட்டன. பெரிய களி உருண்டையை நடுவில் பிட்டுப் பிட்டுத் தின்றால் இரண்டு ஓரத்திலும் இரண்டு துண்டு நிற்குமே, அப்படி இந்த ஓரத்தில் சித்தேரி நிற்கிறது, அந்த ஓரத்தில் வத்தல்மலை நிற்கிறது. நடுவில் பள்ளமும் வெயிலும். குளிர்ச்சியில் வாழ்ந்த வண்டு மேலேயே மாட்டிக்கொண்டது.

 நீ மேற்கே நீலமாகத் தெரிந்த மலைகளைப் பார்த்தாய்.

"அப்ப வத்தல்மலையிலயும் இருக்கணும்டி."

"இருக்கும். எழுதி வெச்சுக்கோ."

எவ்வளவு திமிர் எனக்கு! மூன்று மழைக்காலம் வத்தல்மலையில் தேடினோம். அங்கே மலை மேல் குடியிருக்கும் பொன்னாயி வீட்டில்தான் தங்கல். சாமைச் சோறு போட்டு, நம் கிறுக்குத்தனத்தைப் பார்த்துச் சிரித்து, "வண்டுக்குன்னு டீச்சர்ங்க வர்றதை இப்பத்தாங்க பாக்கறேன்" என்பாள். மூன்று வருஷமும் ஒன்றும் கிடைக்கவில்லை. நான்காவது மழைக்கு, அவள் கொல்லையிலேயே, நான் கொடுத்த நாரத்தைக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து நின்ற இடத்தில், நான்தான் இலையைப் புரட்டினேன். கறுப்பு வண்டு. சேசுவே! நான் போட்ட கூச்சலில் பொன்னாயி வீட்டுக் கோழியெல்லாம் சிதறி ஓடியது. உன்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். நீயும் குதித்தாய். ஆனால் லென்ஸை எடுத்துப் பார்த்த பிறகு உன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லையே. இத்தனை காலம் பிரிஞ்சிருந்தா எப்படிடி இது?"

"ஒரு வூட்டுப் பிள்ளைங்க ஒரே மாதிரிதான் இருக்கும். சும்மா சந்தேகப்படாத."

அதற்குப் பிறகு நான் தரையில் நடக்கவில்லை. மலைப் படம் போட்டு, பாறை படம் போட்டு, இரண்டு மலைக்கும் நடுவில் சிவப்புக் கோடு இழுத்து, பள்ளிக் கண்காட்சியில் மாட்டினேன். அதைப் பார்த்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், இரண்டு பேர் பெயரிலும் எழுதிக் கொடுங்கள், ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்றார். விவசாயி மகள் பெயர் அச்சில் வரப்போகிறது என்று எங்கள் அப்பா பங்குச் சாமியார் வரைக்கும் சொல்லிவிட்டார். பொங்கல் லீவு முடிந்து முதல் நாள், ஸ்டாஃப் ரூமில், எழுதிய தாளை உன் முன்னால் வைத்தேன்.

"அனுப்பாதடி" என்றாய்.

"ஏன்?"

"சரியா வரல. விட்டுரு."

"என்னா சரியா வரல? வாயத் தொறந்து சொல்லு."

நீ விடைத்தாள் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அத்தனை பேர் நடுவில், உரக்க, "உனக்கு வயித்தெரிச்சல்டி. வண்டு எங்க இருக்கும்னு சொன்னவ நான், எடுத்தவளும் நான். அது தாங்கல உனக்கு" என்றேன். வேதியியல் டீச்சர் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். நீ நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்து, "சரி, அப்படியே வெச்சுக்க" என்றாய். அவ்வளவுதான். அடுத்த ஜூனில் மாறுதல் வாங்கிக்கொண்டு மொரப்பூருக்கு வந்துவிட்டேன். வயிற்றெரிச்சல்காரி என்று நான் வைத்த பெயர் அந்தப் பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒட்டிக்கொண்டது என்று கேள்விப்பட்டபோது, வேண்டும் நல்லா என்றுதான் நினைத்தேன்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். 

பொன்னாயி கொல்லையைப் பென்சிலில் படமாகப் போட்டிருக்கிறாய். நான்கு வட்டம், நான்கு நாரத்தை. சுற்றிலும் புள்ளிகள். கீழே, "நாரத்தையிலிருந்து பதினைந்து அடிக்குள் மட்டும்." அடுத்த ஞாயிறு, வடக்குச் சரிவு, இல்லை. அடுத்த ஞாயிறு, ஓடைக்கரை, இல்லை. இல்லை, இல்லை என்று நான்கு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலில் முக்காடு போட்டு முழங்காலில் நிற்கும்போது நீ தனியாக மலை ஏறியிருக்கிறாய். அதற்கடுத்த பக்கத்தில் ஒரே வரி: "தாய்மண். இரண்டு மூட்டை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 

நம் முதல் வருஷத் தேடலில் பொன்னாயி, இந்த ஊரில் நாரத்தை இல்லையே, ஊறுகாய்க்கு ஆசையாக இருக்கிறதே என்றாள். அடுத்த முறை போகும்போது சித்தேரியிலிருந்து நான்கு கன்றைப் பெயர்த்துக்கொண்டு போனேன். வேர் பிடித்த தாய்மண்ணோடு வைத்தால்தான் கன்று பிழைக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வயக்காட்டில் வளர்ந்தவள். அது போதாதென்று, மரத்தடியில் மக்கிக் கிடந்த கறுப்பு மண்ணையும் இரண்டு சாக்கில் அள்ளிக் கட்டினேன். கண்டக்டர் திட்டினார். "மலையையே கட்டித் தூக்கிட்டு வர்றியாடி" என்று நீ சிரித்தாய். அந்த மண்ணுக்குள் புழு இருந்திருக்கிறது. வண்டின் புழு. பூமி பிரிந்த கதையை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, சாட்சிக்கு நான் காட்டிய வண்டை மலை விட்டு மலை சுமந்துபோனதே நான்தானடி! பேராசிரியருக்கு நீ அதை அனுப்ப விட்டிருந்தால் ஊரையே ஏமாற்றியிருப்பேன், தெரியாமல்.

பிறகும் எழுதியிருக்கிறாய். "மேலே சோலையில் வேறொன்று. இறக்கை இல்லை. சித்தேரி வண்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, கால் நீளம், தோள் ஒடுக்கம். பிரிந்து கிடந்து மாறியது இதுதான். ஜெசி சொன்ன பூமிக் கதை சரி. இரண்டே பார்த்தேன், குத்த மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். கொல்லையில் இருப்பது மேலே ஏறினால் இது மிஞ்சாது." அதன் கீழே, "ஜெசிக்குச் சொல்ல வேண்டாம். ஆசையாகச் சுமந்தாள்."

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தேதி, பக்கத்தில் ஒரு எண். 61. 44. 40. 23. கடைசித் தேதி நீ ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு மூன்று வாரம் முன்னால். 9. அது என்ன எண் என்று எனக்குப் புரியவில்லை. நேற்று தருமபுரி போய், பஸ் மாறி, வத்தல்மலை ஏறினேன். இப்போது மேலே வரைக்கும் பஸ் போகிறது.

பொன்னாயிக்கு என்னை அடையாளம் தெரிய நேரமாயிற்று. உன் சாவைச் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"மழை விழுந்தா வந்துருவாங்க. இந்த நாரத்தையச் சுத்தி மண்டி போட்டுட்டு, இலைய ஒவ்வொண்ணாப் பொரட்டி வண்டு பொறுக்குவாங்க. ஏன் டீச்சர்னு கேட்டா, இதுங்க இந்த மலைக்காரங்க இல்ல பொன்னாயி, மேல இருக்கிற புள்ளைங்க சோத்தைத் தின்னுரும்பாங்க. போன தடவ மூச்சு வாங்குச்சுங்க அவங்களுக்கு. உக்காந்து உக்காந்து பொறுக்குனாங்க. யாரு கொண்டாந்து விட்ட சனியன்னு நான் திட்டுனதுக்கு, திட்டாத, நல்லது நெனச்சுத்தான் கொண்டாந்தாங்கன்னு சொன்னாங்க. யாருங்க டீச்சர் அது?"

 நான்தான் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. உன் நுரையீரல் பாதி போன நிலையில், நான் போட்ட குப்பையை நீ மண்டி போட்டுப் பொறுக்கியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வயிற்றெரிச்சல்காரி என்ற பெயர் உனக்கு ஏன் வருகிறது? பொன்னாயிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இலையைப் புரட்டினேன். வெயில் சாய்வதற்குள் ஏழு வண்டு கிடைத்தது, உன் நோட்டில் ஒன்பதுக்கு அடுத்த எண். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈர இலையோடு போட்டு, மூடியில் ஓட்டை குத்தி எடுத்துக்கொண்டேன்.

இறங்கும் பஸ்ஸிலிருந்து உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நோட்டைப் படிச்சேங்க. அவ நோட்டையும் எனக்குக் குடுக்கச் சொன்னாளா?" என்று கேட்டேன்.

 

"இல்லீங்க டீச்சர். டப்பா மட்டுந்தான் குடுக்கச் சொல்லுச்சு. நோட்டை அடுப்புல போடச் சொல்லுச்சுங்க. ஜெசி பாத்தா ஆயுசுக்கும் மலைப் பக்கம் போகமாட்டான்னுச்சு. எனக்குத்தான் மனசு கேக்கலைங்க. நீங்க அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி பேசிட்டீங்களாமே, வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு சாப்புடலைங்க அது. ஒருத்தருக்காவது தெரியட்டும்னுதான் டப்பாவுக்கு அடியில வெச்சேன். தப்பா இருந்தா மன்னிச்சுருங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், பாரேன். திங்கட்கிழமை அரூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் இருக்கும்போது சொல்கிறேன், நீங்களும் வந்து கேட்க வேண்டும் என்றேன். "வரேன்ங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பத் திரும்ப, மடியில் பாட்டிலுக்குள் ஏழும் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே வந்தன. பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வண்டுங்களா? எங்கங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"சித்தேரிக்குங்க" என்றேன். "அங்கருந்து நான்தான் கொண்டாந்து விட்டேன்."