ஒரு வருஷம் வைத்த உப்பு

மரக்காணம்
26-4-2025, சனிக்கிழமை

அன்பு மகள் பூங்குழலிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம் என்று பத்து நாளைக்கு முன்னால் எழுதியிருந்தால் அது பொய், இன்றைக்கு முக்கால்வாசி நலம் என்று எழுதலாம், மீதியைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். அயர்லாந்தில் உன் உடம்பும் ஆஸ்பத்திரி வேலையும் எப்படிப் போகிறது என்று எழுது. நீ கருவாடு வறுத்தபோது வீட்டில் புகை அலாரம் அடித்து, கூட இருக்கிற பெண்கள் எல்லாம் மழையில் தெருவில் போய் நின்றதாகச் சொன்னாய், அடுத்த தடவை ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பை ஏற்று, அந்தப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பெரிய முதலியார்சாவடி பரத் செவ்வாய்க்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறான், அவனிடம் அரைக் கிலோ நெத்திலிக் கருவாடும், வெங்காய வடகமும், ஒரு கிலோ உப்பும், இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நான் சொல்ல வேண்டியது அவள் இல்லாதபோது சொல்ல வேண்டியது.

முதலில் நீ கேட்ட குழம்பு. அம்மாவிடம் கேட்டால் கொஞ்சம், ஒரு கை, பதமா என்றுதான் வருகிறது, ஒன்றும் புரியவில்லை என்றாய், நான் அளவோடு எழுதுகிறேன். நெத்திலிக் கருவாடு ஒரு கைப்பிடி, தலையைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து மூன்று தண்ணீரில் கழுவு. சின்னக் கத்திரிக்காய் ஆறு, சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பூண்டு எட்டுப் பல், தக்காளி ஒன்று, எலுமிச்சங்காய் அளவு புளி. நல்லெண்ணெயில் வெந்தயம் கால் ஸ்பூன் தாளித்து, வெங்காயம் பூண்டு தக்காளி கத்திரிக்காய் என்று வரிசையாக வதக்கி, மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், தனியாத்தூள் மூன்று ஸ்பூன் போட்டுப் புளியை ஊற்று. காய் வெந்த பிறகுதான் கருவாடு, அதற்கும் பிறகுதான் உப்பு, கருவாட்டிலேயே பாதி உப்பு இருக்கிறது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று இந்நேரம் நினைத்திருப்பாய். ஜனவரியிலிருந்து இந்த வீட்டில் சமைப்பது நான். நீ போனில் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டபோதெல்லாம் அம்மா சொன்னது நான் சமைத்தது.

நடந்தது இதுதான். பொங்கலுக்கு முன்னால் அம்மாவுக்கு ஐந்து நாள் ஜுரம், அது உனக்குத் தெரியும். ஜனவரி ஒன்பதாம் தேதி ஜுரம் விட்டது, வாசனையும் ருசியும் அதோடு போய்விட்டது, இது உனக்குத் தெரியாது. எனக்கும் நாலு நாள் தெரியாது, அவள் சொல்லவில்லை. பால் அடுப்பில் தீய்ந்து பின்கட்டு முழுக்க நாற்றம், நான் வாசலிலிருந்து ஓடி வருகிறேன், அம்மா அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். உனக்கே தெரியும், அவள் சமைக்கும்போது எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டாள், சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, கொதி வரும்போது ஆவியை ஒரு தடவை மோந்து பார்த்து உப்புப் போதும் போதாது என்பாள், அது தப்பினதும் கிடையாது. அந்த மூக்குதான் போனது. மறுநாள் வைத்த குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறாள். நான் பேசாமல் சாப்பிட்டு எழுந்தேன், ஆனால் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டு அமுதவல்லிக்கும் போயிருக்கிறது. அமுதவல்லி வெறுங்கிண்ணத்தோடு வந்து, இன்னாக்கா, குழம்பு வச்சியா இல்ல உப்புப் பாத்தி கட்டினியா, வெயில்ல வச்சா சாயங்காலம் வாரிடலாம் போலகுதே என்றாள். அவள் எப்போதும் பேசுகிற பேச்சுதான், அம்மாவும் எப்போதும் பதிலுக்கு இரண்டு கொடுப்பாள். அன்றைக்கோ கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டினாள், அதோடு அடுப்பங்கரைக்குப் போகவில்லை.

புதுச்சேரியில் காது மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். வரலாம், வராமலும் போகலாம், ஆறு மாதம் பார்ப்போம் என்றார், கிராம்பு, எலுமிச்சைத் தோல், ஏலக்காய், காபித்தூள் நான்கையும் காலையும் மாலையும் மோந்து பார்க்கச் சொன்னார். அம்மா பதினைந்து நாள் சரியாகச் செய்தாள். என்ன தெரிகிறது என்று கேட்டால், கிராம்பு கிராம்பு மாதிரியே இருக்குதுங்க, பாக்கறதுக்கு என்றாள். பதினாறாம் நாள் நான்கையும் கொண்டுவந்து, குருமாவுல போட்டுக்கங்க என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள், அங்க குளிர்ல கெடக்கிற பொண்ணுக்கு இது ஒண்ணு கொறச்சலா என்றாள். மூன்று வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. ஐம்பத்தெட்டுக் கிலோ இருந்தவள் மார்ச் மாதம் நாற்பத்தொன்பது. நான் எதை வைத்தாலும் நல்லாகுது என்றே சொன்னாள், நான் வைத்த முதல் குழம்பு நல்லாயிருக்க வழியே இல்லை. உப்புச் சரியா என்று பார்க்க, உப்பளத்தில் பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி என்று பார்க்கிற கண்ணாடி மீட்டரைக் கழுவி ரசத்தில் விட்டுப் பார்த்தேன், புளியும் பருப்பும் கலந்திருப்பதால் அது சொன்னதை நம்பமுடியவில்லை, இனி அதைச் செய்வதாக இல்லை.

பிறகு ஒன்று கவனித்தேன். ருசி தெரியாவிட்டாலும் சூடு தெரிகிறது, மொறுமொறுப்பு தெரிகிறது, குழைவு தெரிகிறது. அதற்காக நானே ஒன்று செய்தேன், அதற்குப் பெயர் கிடையாது, உனக்கும் டூட்டி முடிந்து வரும்போது உதவும். அரிசி ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், தண்ணீர் நாலு டம்ளர், ஐந்து விசில். கரண்டியால் மசித்து ஒரு ஸ்பூன் நெய். வெங்காய வடகத்தையும் இரண்டு அப்பளத்தையும் பொரித்துக் கையால் நொறுக்கி, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் மேலே தூவ வேண்டும், முன்னாலேயே தூவினால் நமுத்துவிடும். வறுத்த நெத்திலி இருந்தால் அதையும் போடு. இதை மட்டும் அம்மா எட்டு வாய் சாப்பிட்டாள். நாற்பது நாளுக்கு மேல் எங்கள் பகல் சாப்பாடு பெரும்பாலும் இதுதான், அமுதவல்லிகூட ஒரு நாள் கேட்டு வாங்கிப் போனாள், கிண்ணம் இன்னும் வரவில்லை.

இனி உப்பு விஷயம். புது உப்பை நம் வீட்டில் சமையலுக்குப் போடுவதில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். பாத்தியில் வாரின உப்பில் கசப்புத் தண்ணீர் இருக்கும், பின்கட்டில் அடியில் ஓட்டை போட்ட பானையில் கொட்டி ஒரு வருஷம் வைத்தால் அது சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும், பிறகுதான் அடுப்பங்கரைப் பானைக்கு வரும். வருஷா வருஷம் பானை மாற்றுவது அம்மா வேலை. இந்த வருஷம் புயல் தண்ணீர் வடிந்து பாத்தி தயாராக நேரமாகி, பங்குனி முதல் வாரத்தில்தான் என்னிடம் வேலை செய்கிற தங்கராசு நம் பாத்தியிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்தான். எதுல கொட்டறதுண்ணே என்றான். எது காலியோ அதுல கொட்டுடா என்றேன். காலியாக இருந்தது அடுப்பங்கரைப் பானை. முப்பத்தொரு வருஷமாக உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்க்கிறவன், ஒரு மாதம் புது உப்பில் சமைத்தேன், லேசாகக் கசந்தபோது வெந்தயம் கூடிவிட்டது என்று நினைத்து வெந்தயத்தைக் குறைத்தேன்.

இந்த மாதம் பதினாறாம் தேதி புதன்கிழமை பகல் ஒன்றேகால் மணி. மேலே எழுதினேனே அந்தக் கத்திரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு. அம்மா இரண்டாவது வாயில் நிறுத்தினாள். முள் என்று நினைத்துத் தண்ணீரை நகர்த்தினேன். ஏங்க, புது உப்பையா போட்டீங்க என்றாள். இல்லையே என்றேன். கசக்குதே என்றாள். கசக்காது என்று நான் சாதித்தேன், பாதி சாதிக்கும்போதுதான் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு உறைத்தது. அவள் எழுந்து கையைக் கழுவிப் பானையிலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். பிறகு ஆரம்பித்தாள். மேஸ்திரியாம் மேஸ்திரி, ஊருக்கெல்லாம் உப்பு பாத்துச் சொல்றவராம், ஊட்ல எந்தப் பானைன்னு தெரியல, ஒரு மாசமா கசப்பத் துன்ன வச்சிருக்கீங்க, நீங்களும் துன்னீங்களே, உங்க நாக்கு எங்க போச்சு என்று தொடர்ந்து கால் மணி நேரம். ஜுரம் விட்டுத் தொண்ணூற்றேழு நாளில் அவள் சேர்ந்தாற்போல இத்தனை பேசியது அதுதான் முதல் தடவை, நான் நின்றுகொண்டே கேட்டேன்.

முதலில் கசப்பு வந்தது. நாலாம் நாள் புளிப்பு. உப்பும் இனிப்பும் பாதி தெரிகிறது என்கிறாள். வாசனை இன்னும் ஒன்றும் இல்லை, அதுதான் நான் மேலே சொன்ன மீதி. கரண்டி ஆணியில்தான் இருக்கிறது, ஆனால் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து என்னை வேலை வாங்குகிறாள், இது எப்போது முடியும் என்று தெரியவில்லை. இப்போது ஐம்பத்தொன்றரைக் கிலோ. அந்தப் புது உப்பைக் கொட்டிவிடவா என்று கேட்டேன், எதுக்கு, பின்கட்டுப் பானைல போடுங்க, அடுத்த பங்குனிக்கு நல்ல உப்பாயிடும் என்றாள்.

நீ இதற்காக லீவு போட்டுக் கிளம்பி வரவேண்டாம், டிசம்பரில் வருவதாகச் சொன்னது போதும். போனில் அம்மாவிடம் வாசனை தெரிகிறதா என்று கேட்காதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். கடிதத்தில் சமையல் குறிப்பு மட்டும்தான் இருந்தது என்று சொல்லிவிடு. அனுப்புகிற உப்பு போன வருஷத்து உப்பு, பயப்படாமல் போடு, கல்லுப்பு கரைய நேரமாகும், கரைவதற்குள் போதவில்லை என்று மறுபடி போட்டுவிடாதே. பார்சலுக்கு வறுத்துத் தரலாம் என்று அடுப்பில் நெத்திலி போட்டிருக்கிறேன், போய்ப் பார்க்கவேண்டும், இத்தோடு முடிக்கிறேன். ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
ஆ. தனகோடி

பூங்குழலி, இது அம்மா. பார்சல் கட்டும்போது இதைப் படித்தேன். தண்ணி நாலு டம்ளர் இல்லை, அஞ்சு. குழம்புக்குக் கறிவேப்பிலையே எழுதலை பார். உங்கப்பா வறுத்த நெத்திலி வராது, எதிர்பார்க்காதே. இதை எழுதிக்கொண்டே தீய விட்டுட்டார். பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அங்கேயே நாறிச்சு.