ரம்புட்டான் மரத்தை வெட்டவில்லை, மைதீன்

என் பிரியமுள்ள மச்சான் மைதீனுக்கு,

நீ துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அந்தப் பழைய லேப்டாப்பில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். விசைகளில் பாதி அரபி எழுத்து அழிந்துவிட்டது. கேமராவின் மேல் நான் ஒட்டிய கறுப்பு டேப் மட்டும் அப்படியே இருக்கிறது. "உன் மூஞ்சியை எவம்லே வேவு பாக்கப் போறான்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாய். இதுவரை எவனும் வரவில்லைதான். அதற்காக டேப்பை எடுத்துவிடுவேன் என்று நினைக்காதே.

தென்காசியில் நீ கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தாய். நான் உன் கடைக்கு ஒரு கீபோர்டு வாங்க வந்தேன், பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டேன். நீ சிரித்துக்கொண்டே திருப்புளியை எடுத்துக் கையில் கொடுத்தாய். அன்றைக்குத் தொடங்கியது நம்ம பழக்கம். எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இல்லை. உன் வீட்டுக்காரி ஜுலைகா என்னை அண்ணே என்று கூப்பிட்ட நாளிலிருந்து நீ எனக்கு மச்சான்.

நம்ம இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் ஓடுவது லினக்ஸ்தான். ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் வழியாக வந்தவர்கள் நாம். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து சேர்ந்து எழுதி, இந்தா எடுத்துக்கொள் என்று கொடுக்கிறார்களே என்று வாய் பிளந்து வந்தவன் நீ. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று காட்டாது, இதையாவது திறந்து பார்க்கலாம் என்று வந்தவன் நான். "நீ திறந்து பாத்தியா?" என்று ஒரு நாள் கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு வரிகூடப் படித்ததில்லை மச்சான். அப்படியென்றால் நானும் யாரையோ நம்பிக்கொண்டுதானே இருந்திருக்கிறேன்? அது யார்?

இங்கே சேதி ஒன்றும் மாறவில்லை. சீசன் தொடங்கிவிட்டது, அருவிகளில் தண்ணீர் நன்றாக விழுகிறது. ஐந்தருவிப் பக்கம் பேன்சிக் கடைகளில் பென்டிரைவ் விற்கிறார்கள். அட்டையில் போட்டிருக்கிற கொள்ளளவைப் பார்த்தால் ஒரு நூலகத்தையே அடைக்கலாம் போலத் தெரியும். ஒன்றை வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் நிறைந்ததும் முதலில் போட்டதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதுகிறது, ஆனால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று திரையில் சத்தியம் பண்ணுகிறது. லாட்ஜ்களில் இலவச வைஃபை என்று பலகை வைக்கிறார்கள். உள்ளே போக உன் போன் நம்பர், பிறந்த நாள் எல்லாம் கேட்கிறது. அருவியில் குளிக்க வந்தவனின் பிறந்த நாள் இவர்களுக்கு எதற்கு? அப்டேட் வருகிற ராத்திரியெல்லாம் நான் இன்னும் ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் படுக்கிறேன்.

சரி, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். நம்ம இணைப்பைப் பற்றி.

பழைய குற்றாலம் போகிற ரோட்டில் தோப்புக்குள் தனியாக நீ வீடு கட்டினாய். ஒற்றை வீட்டுக்காக அவ்வளவு தூரம் கேபிள் இழுக்க எந்தக் கம்பெனியும் வரவில்லை. சீசன் கூட்டம் வந்துவிட்டால் செல்போன் டவர் மூச்சுத் திணறும், ஒரு படம்கூட நகராது. அதனால் குத்துக்கல்வலசையில் என் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கிண்ண ஆன்டெனா, உன் வீட்டு மாடியில் ஒரு கிண்ணம், இரண்டையும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, என் வீட்டுக்கு வந்த இன்டர்நெட்டைக் காற்றிலேயே உன் வீட்டுக்கு அனுப்பினோம். இடையில் வயலும் தென்னையும்தான். கிண்ணத்தோடு வந்த பெட்டியில் சிக்னல் காட்டுகிற நான்கு பச்சை விளக்கும் ஒன்றாக எரிந்தபோது நீ மாடியிலிருந்து போன் பண்ணிக் கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது.

அந்த இணைப்பு வழியாகத்தான் வளைகுடாவில் இருக்கிற உன் தம்பி உன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. உன் மய்யித்தைத் தூக்குவதற்கு முன்னால் யாரோ போனை உன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். அங்கே ஒரு அறையில் அவனும் அவன் கூட்டாளிகளும் நின்று அழுதது இங்கே கேட்டது. நான் உன்னைப் பார்க்காமல் பெட்டியின் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே நின்றேன். அணையவில்லை.

இப்போது ஜுலைகா அந்த இணைப்பை வைத்துத்தான் பிழைக்கிறாள். வளைகுடாவில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்களின் பிள்ளைகளுக்கு மத்தியானத்துக்குப் பிறகு கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று பேர். நானே ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து கேட்டு, பின்னத்தை இப்போதுதான் புரிந்துகொண்டேன்.

இந்தச் சீசனில் வகுப்பு நடுவில் இணைப்பு அறுந்துபோக ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது. பிறகு தினமும். நான் என் பக்கமும் உன் பக்கமும் ஒயரை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், பெட்டியைத் திறந்து எறும்புக் கூட்டைத் துடைத்தேன். கொஞ்ச நேரம் சரியாகும், மறுபடியும் போய்விடும். ஒரு நாள் ஜுலைகா சொன்னாள். "அண்ணே, ரெண்டு வீட்டுல பிள்ளைகளை நிறுத்திட்டாவ. இப்படியே போனா நான் சிவகிரிக்கு, அக்கா வீட்டோட போயிருதேன். அங்கன கேபிள் இருக்கு."

"வீட்டை என்ன செய்ய?"

"பூட்டி வைக்கதா விக்கதா தெரியலை. அவங்க கட்டுன வீடுண்ணே. எனக்கு மட்டும் போறதுக்கு மனசு இருக்கா?"

அப்போதே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது மச்சான். தோப்பு ஓரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிற அண்ணாச்சிதான். நீ போனதிலிருந்து இரண்டு தடவை ஜுலைகாவிடம் வந்து, வீட்டைக் கொடுக்கிற யோசனை இருந்தால் முதலில் என்னிடம் சொல்லும்மா என்று கேட்டிருக்கிறார். கேபிள் அவருக்கும் இல்லை, டவரை நம்பித்தான் இந்தச் சீசனுக்கு மாடி முழுக்கப் புது வைஃபை பெட்டிகளாக மாட்டியிருந்தார். இணைப்பும் இந்தச் சீசனில்தான் அறுந்துபோகிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? அவளை அங்கிருந்து கிளப்புவதற்காக நம்ம அலைவரிசையில் வேண்டுமென்றே இரைச்சல் போடுகிறார் என்று முடிவு கட்டினேன்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் காம்பவுண்டு ஓரமாக நடந்தேன். எந்தப் பெட்டி எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, என் மாடியையே அண்ணாந்து பாத்துக்கிட்டு வாரிய. ரூம் வேணுமா?"

"இல்ல அண்ணாச்சி, சும்மா."

"சும்மாவா கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு மழையில நடக்கிய?"

அவருடைய பெட்டிகள் எல்லாம் வேறு அலைவரிசையில் இருந்தன. நான் சமாதானமாகவில்லை. என்னைக் கண்டதும் மாற்றியிருப்பார் என்று நினைத்தேன்.

அதனால் அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க, வகுப்பு நடக்கிற நேரத்தில் உன் மாடியில் போய் உட்கார்ந்தேன். வெயில் இருந்தவரை நான்கு விளக்கும் எரிந்தன. கீழே ஜுலைகா ஏதோ ஒரு பிள்ளையிடம், அவசரப்படாதே, முதலில் பகுதியைச் சமமாக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மலையிலிருந்து சாரல் இறங்கியது. ஒரு விளக்கு போனது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு போயின. கடைசி விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. நான் லாட்ஜ் மாடியைப் பார்த்தேன். ஒரு ஆளும் இல்லை, துணி காயப்போட்ட கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு ஈரக் கொப்பு காற்றில் வந்து என் காதில் அறைந்தது. எரிச்சலில் அதைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். இரண்டாவது விளக்கு எரிந்தது. கையை விட்டேன், அணைந்தது. மறுபடியும் இழுத்தேன், எரிந்தது.

ரம்புட்டான் மரம், மச்சான். நீ நட்டது.

காய்ந்த இலை அலையை ஒருவழியாக வழிவிட்டு அனுப்பிவிடும். நனைந்த இலை அப்படியே குடித்துவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? புத்தகத்தில் படித்தது, உனக்கே வகுப்பெடுத்தது. நீ செங்கோட்டைப் பக்கமிருந்து கன்று வாங்கிவந்து கிண்ணத்துக்கு நேர் கீழே குழி தோண்டினபோது, இது நேர் பாதை, வேறு எங்காவது வை என்று நான் கத்தவும் செய்தேன். நீ மண்ணைத் தள்ளிக்கொண்டே என்ன சொன்னாய்? "இது காய்க்கதுக்குள்ள வாசலுக்கு கேபிள் வந்துரும்லே." மரம் காய்த்துவிட்டது. கேபிள் வரவில்லை. நீயும் இல்லை.

கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், அடாப்டரைச் சந்தேகப்பட்டேன், எறும்பைச் சந்தேகப்பட்டேன், அண்ணாச்சியைச் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் சந்தேகப்படவில்லை, மைதீன். அந்தப் பக்கம் என் புத்தி போகவே இல்லை.

வகுப்பு முடிகிறவரை அந்தக் கொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடையைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அன்றைக்கு ஒரு தடவைகூடப் பிறகு அறுந்துபோகவில்லை. ஜுலைகா சந்தோஷமாக மாடிக்கு ஏறிவந்தாள்.

"என்னண்ணே இது, கொப்பைக் கட்டிப்பிடிச்சு நனைஞ்சுகிட்டு நிக்கிய?"

சொன்னேன். அரிவாள் எங்கே இருக்கிறது என்றும் கேட்டேன். அவள் என் கையிலிருந்த கொப்பை வாங்கித் திருப்பிக் காட்டினாள். நுனியில் கொத்தாகக் காய்கள், முள்முள்ளாக, பாதி சிவந்து.

"முதல் காய்ப்புண்ணே. வெட்டணும்னா வெட்டுங்க. நான் கீழ போயிருதேன்."

அவள் போய்விட்டாள். உனக்காக நான் அழுதது அன்றைக்குத்தான். நீ போன அன்று விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அழ விட்டுப்போயிருந்தது.

மரத்தை வெட்டவில்லை. கம்பம் உயரமாக நட்டுப் பார்த்தேன். ஆடிக் காற்று கிண்ணத்தைத் திருப்பிவிட்டது. மரத்தைச் சுற்றிப் போக ஒரே வழிதான் இருந்தது. என் மாடியும் உன் மாடியும் தெளிவாகத் தெரிகிற மூன்றாவது மாடி ஒன்று வேண்டும். அது யாருடைய மாடி என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நீ அங்கே விழுந்து விழுந்து சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

போய்க் கேட்டேன். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "மாடி சும்மாதான கெடக்கு. மாட்டிக்கிடுங்க. மைதீன் எனக்கும் வேண்டப்பட்ட ஆள்தான்." எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. எவனாவது சும்மா கொடுப்பானா? அதைப் புரிந்துகொண்டவர் போல, "ரிசப்ஷன் கம்ப்யூட்டர் தெனமும் மக்கர் பண்ணுது, அதை மட்டும் பாத்துக் குடுங்க" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஏதோ மாறியிருக்கிறது, ஆனால் இப்போது நிற்காமல் ஓடுகிறது என்கிறார்.

உன் பரணில் கிடந்த இரண்டு கிண்ணங்களை எடுத்து அவர் மாடியில் மாட்டினேன். என் வீட்டிலிருந்து உன் வீடுவரை போகிற எல்லாவற்றையும் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறேன். நடுவில் அவர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. சாவி இரண்டு முனையில் மட்டும் இருக்கிறது. அண்ணாச்சியை நம்பிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. போன வாரம்கூட ஜுலைகாவிடம் வீட்டைப் பற்றி மூன்றாவது தடவையாகக் கேட்டிருக்கிறார். அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். சிவகிரி பேச்சும் இப்போது இல்லை. நிறுத்தின பிள்ளைகளில் ஒன்று திரும்ப வந்துவிட்டது.

நேற்று முதல் பழத்தை எனக்குக் கொடுத்தாள். வழக்கம்போல நகத்தால் கீறி, இரண்டாகப் பிரித்து, வெளிச்சத்தில் காட்டி, புழு இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் சிரித்தாள். இல்லை மச்சான். வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. நல்ல இனிப்பு.

கேட்டுக்கொள். நான் திருந்துவேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. டேப் இருக்கும், பூட்டு இருக்கும், அண்ணாச்சி மேல் ஒரு கண் இருக்கும். ஆனால் நான் இருக்கிறவரை உன் மரத்தின் மேல் அரிவாள் படாது. உன் வீட்டுப் பெட்டியில் நான்கு விளக்கும் எரியும். அந்த மரத்தைத் தாண்டிப் போகிற வேலையை நீ எனக்கு விட்டுப் போயிருக்கிறாய், நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. வாசலுக்குக் கேபிள் வந்துவிடும் என்று உன்னிடம் எவன் சொன்னான்? அவன் பேரை மட்டும் கனவில் வந்து சொல்லிவிட்டுப் போ.

உன் தங்கமான ஜுலைகாவுக்கு அண்ணனும்,
உனக்கு எப்போதும் சந்தேகப் பிராணியுமான,
உன் மச்சான் முத்து
குத்துக்கல்வலசை