லூர்துக்கு நான் செய்த வரைபடம்

இதைப் பிரெயிலில் குத்திக்கொண்டிருக்கும் விரலில் நேற்று ஒட்டிய புளியங்கொட்டைப் பசை காய்ந்து இழுக்கிறது. எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. இந்த வாடைக்கு உன் நினைவு வரும், வேண்டாமென்றாலும் வரும். உன் பெண்டாட்டி லூர்து கேட்டாள் என்று, ராயபுரத்து வீட்டிலிருந்து காசிமேட்டில் உன் கல்லறைக்குப் போகும் வழியை அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். நீ போனதிலிருந்து ஞாயிறுதோறும் அவளைக் கூட்டிப்போனது நான்தான். என் தோளில் கை வைத்துக்கொண்டு வருவாள். பார்வையில்லாத இரண்டு பேருக்கும் ஒரே கோல். "உனுக்கு எதுக்குண்ணே வாராவாரம் இந்தப் பேஜாரு? வழிய ஒட்டிக் குடுத்துரு, நானே போய்க்கிறேன்" என்றாள். எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

பிரம்பு பின்னும் நம் விடுதியில் அவள் வந்து சேர்ந்த வருஷம் நினைவிருக்கிறதா? புதிதாக வருகிறவர்கள் தனியே வெளியில் போய்வர, ஸ்டேஷன் வரைக்கும் தடவிப் பார்க்க ஒரு வரைபடம் வேண்டும் என்றார் வார்டன். நீயும் நானும் ஆளுக்கொன்று செய்தோம். நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன். நடந்த வழி மட்டும்தான் எனக்குத் தெரியும். ரயில்வே கேட்டில் நின்று நின்று கால் கடுத்ததால் அதை உள்ளங்கை அகலத்துக்கு வைத்தேன். கருவாடு காயும் இடத்துக்கு மணலை அள்ளி ஒட்டினேன். கடல் பாதி அட்டையைத் தின்றுவிட்டது. நீயோ ஹார்பரில் கிரேன் ஓட்டி, விபத்தில் கண்ணைப் பறிகொடுத்தவன். டிராம் பாதைக்கு இரட்டை நூல், கேட்டுக்கு ஒரு சட்டைப் பொத்தான், கடலுக்கு ஓரத்தில் ஒரு பட்டுத் துண்டு. அவ்வளவுதான் உன் வேலை.

லூர்து இரண்டையும் தடவினாள். "இதுல வழி கைக்கு ஒடனே ஆப்டுது" என்று உன்னுடையதை எடுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் உன்னையே கட்டிக்கொண்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. "நீ கண்ணால பாத்தவன். நான் இன்னா பண்றது?" என்று அவள் உன் அட்டையை எடுத்த அன்றைக்கே கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே என் கையை விரித்து உன் அட்டை மேல் கவிழ்த்தாய். "ஒவ்வொரு வெரலா போவாத நைனா. மொத்தக் கையையும் வையி. கிரேன் மேலேந்து பாத்தா ஊரு இப்டித்தான் கீது." மேலிருந்து பார்ப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. அது உன்னால் புரிந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது கல்லறைக்கு வழி ஒட்டும்போது ஒரே ஒரு திருப்பத்தைத் தள்ளி ஒட்டியிருந்தால் போதும், அவள் தடுமாறி என்னிடமே வந்திருப்பாள். அப்படி நினைக்காமல் இல்லை. ஆனால் வழி தவறி லாரியில் அடிபட்டால்? உன் முறையிலேயே நூலை நேராக இழுத்து ஒட்டினேன்.

இன்று ஞாயிறு, தனியாகப் போய்விட்டு வந்து வாசலில் நின்று சொன்னாள்: "ஒரு பேஜாரும் இல்லண்ணே. அவரே கையப் புடிச்சி இட்டுகினு போனா மாதிரி இருந்துச்சி."

சந்தோஷம் என்றேன். செத்தவன் மேல் பொறாமைப்படுகிறவன் இந்தப் பேட்டையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ சொல்லிக்கொடுத்த வேலை இன்னும் என் கையில் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.