உறைந்த ஏரியும் என் எரிவாயுக் கணக்கும்

அன்பு மகள் ஹிஸ்கேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் பூனையும் நலம், பூனை என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம். சிலியில் வெயில் கொளுத்துகிறதாமே, அந்த வெயிலோடு நீயும் சுகமாக இருக்க வேண்டும். உன் அம்மா உட்ரெக்டில் அந்தப் பல் டாக்டரோடு சௌக்கியம் என்று கேள்வி. ஆளுக்கு முடி கொட்டுகிறதாம், அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

போன வாரம் இங்கே க்ரோனிங்கனில் குளிர் இறங்கிக் கால்வாயெல்லாம் இறுகிப்போனது. நாட்டுக்கு எவ்வளவு எரிவாயு தேவைப்படும், நார்வேயிடமிருந்து எவ்வளவு வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லத்தானே எனக்குச் சம்பளம். இந்தக் குளிருக்கு ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேஸ் ஹீட்டரைத் திருகிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், சனி ஞாயிறுக்குத் தேவை எகிறப்போகிறது என்று எழுதிக் கொடுத்தேன், அவர்களும் நம்பி வாங்கிக் குவித்தார்கள். ஹிஸ்கே, ஒருத்தரும் வீட்டில் இல்லை! பல் போனவர் முதல் பல் முளைக்காதவர் வரை காலில் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு உறைந்த ஏரியில் சறுக்கப் போய்விட்டார்கள். போகும்போது ஹீட்டரைக் குறைத்துவிட்டுத்தான் போனார்கள், நம் ஆட்களுக்குச் சிக்கனம் சொல்லித் தர வேண்டுமா. ஐஸ் மேலேயே கடை போட்டுப் பட்டாணி சூப் விற்றார்களாம், குடித்துக் கூத்தடித்துவிட்டு இருட்டிய பிறகுதான் திரும்பினார்கள். வாங்கியது அப்படியே கிடக்கிறது.

திங்கட்கிழமை மேலதிகாரி ரென்ஸ்கே, குளிரில் சிவந்த மூக்கோடு என் மேஜைமேல் வந்து உட்கார்ந்து, "ஏன் வீபே, நீங்க இந்த ஊர்லதானே பொறந்தீங்க? ஐஸ் புடிச்சா நம்மாளுங்க வீட்ல இருப்பாங்களா? சனிக்கிழமை நீங்க எங்க போனீங்க?" என்று கேட்டாள். வீட்டில்தான் இருந்தேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை, அதுதான் சுருக்கென்றது. நாட்டைப் பற்றி எழுதுவதாக நினைத்து என்னைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ போனதிலிருந்து ஸ்கேட்டைத் தொடவில்லை. பின்னாலிருந்து "மெதுவா போங்கப்பா" என்று கத்த ஆளில்லாவிட்டால் எனக்கு வேகமே வருவதில்லை.

பக்கத்து வீட்டு த்ரெய்ன் வேறு, "உங்க மாடி ஜன்னல்ல மட்டும் பனி ஒட்டலியே, மேல யாரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கண்ணடிக்கிறாள். அது உன் அறை. மாதக் கடைசியில் வருவதாகச் சொன்னாய், அப்புறம் "பாக்கலாம்ப்பா" என்றாய். பாக்கலாம் என்பதை எந்தக் கணக்கிலும் ஏற்ற முடியாதம்மா, ஆள் உண்டா இல்லையா என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் உண்டு என்று போட்டு உன் ஹீட்டரைத் திறந்துவிட்டேன். ஆமாம், குளிர்கிறது என்றால் ஸ்வெட்டரைப் போடு என்று உன்னை விரட்டிய அதே கஞ்சன்தான்.

மாதக் கடைசியில் இன்னொரு குளிர் வரும், ஐஸ் தாங்கும் என்பது என் கணிப்பு. என் கணிப்பின் லட்சணம் உனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு ஜோடி ஸ்கேட்டையும் சாணை பிடித்து வாசலில் வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு, உனக்கு ஒரு குறையும் வராது. வருகிறாயோ இல்லையோ, ஒரு வரி எழுதிப் போடு. அந்த ஹீட்டரை மூடச் சொல்லி மட்டும் எழுதாதே.

உன் அப்பா,
வீபே