ஏழு மணி வெயில்

என் அன்பு மாப்ளே மஞ்சுநாத்துக்கு,

நீ இருக்கிற இடத்தில் பொழுது எத்தனை மணிக்குச் சாய்கிறது என்று முதலில் கேட்டுவிடுகிறேன். இந்த ஒரு கேள்வியை வேறொருவரிடம் கேட்காமல் விட்டதால்தான் இருபது நாளாகச் சோறு இறங்காமல் அலைந்தேன். உன்னிடமாவது கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் பெண்டாட்டி, என் தங்கை ரத்னா, நன்றாக இருக்கிறாள். அதாவது வேலை செய்கிறாள். பாகலூர் ரோட்டில் நம் பட்டறையைக் காலையில் திறப்பது இப்போது அவள்தான். ஸ்டீல் தகடு வந்ததா, கல் வந்ததா, எந்த வீட்டுக்கு எந்த டிராயர் போகவேண்டும், எல்லாம் அவள் தலையில். நான் வழக்கம்போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் சமையலறைகளை வரைந்துகொண்டிருக்கிறேன்.

அளவெடுக்கப் போவதும் நான்தான். டேப்பை மூன்று தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பிய பிறகு இறங்கிப் போய் நான்காவது தடவையும் பார்க்கிறேன். போன வாரம் ஒரு வீட்டுக்காரம்மா, "சுவரு எங்கயும் ஓடிப்போவாதுங்க" என்று சொல்லிவிட்டார். உன்னோடு போனபோது நான் சுவரைப் பார்த்ததே இல்லை. நீ சொல்லுகிற எண்ணை எழுதிக்கொண்டு காபி குடித்துவிட்டு வருவேன்.

அந்த இத்தாலிக்கார அம்மாளின் வெளிச் சமையலறையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெங்களூரில் வேலை பார்க்கிற மார்க்கோ வீட்டு மொட்டைமாடியில் நாம் ஓர் அடுப்பு மேடை போட்டுக் கொடுத்தோமே, அதை அவன் வீடியோவில் காட்டப்போக, கடலோரத்தில் தனியாக இருக்கிற அவன் அம்மா ஜூலியாவுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி. ஓசூரில் செய்து, பிரித்துக் கட்டி, கப்பலில் அனுப்பி, அங்கே உள்ளூர் ஆள் ஒருவர் பூட்டவேண்டும். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். நீ "ஆய்த்து பிடு" என்றாய். உன் வீட்டுக் கன்னடத்தில் அதற்கு முடிந்தது விடு என்று பொருள். நம் பட்டறையில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறந்ததில்லை.

உனக்கு அவளை அளக்கத் தெரிந்திருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். வீடியோவில் அந்த அம்மாளைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை துடைப்பக் கட்டையைப் பிடிக்கச் சொல்லி, கட்டையை அளக்கச் சொன்னாய். குள்ளமான அம்மாள். நாம் ஊருக்கெல்லாம் போடுகிற உயரத்தில் போட்டிருந்தால் அவள் தோள் போயிருக்கும். பிறகு என்ன சமைப்பீர்கள், எந்தக் கையால் கிளறுவீர்கள், எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். கல்லின் மேலேயே மாவைக் கொட்டிப் பிசைந்து தேய்ப்பேன் என்றாள். மாலை ஏழு மணிக்கு என்றாள்.

நீ நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன். "மேற்கே கடல். சமையல் ஏழு மணி. இருட்டு. லைட் நாலு. கறுப்புக் கல் ஓகே, வெயில் இல்லை." வெயில் இல்லை என்பதன் கீழே ஒரு கோடு வேறு.

ஆர்டர் உறுதியான மூன்றாவது வாரம் உன் நெஞ்சு நின்றுவிட்டது. காரியத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒன்றையே சொன்னார்கள்: மஞ்சு அளந்தால் அளந்ததுதான், தப்பே பண்ணாத ஆள். ரத்னா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறாம் நாளுக்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. உன் நோட்டை ஒரு துணிப்பையில் போட்டுப் பட்டறை பீரோவில் வைத்துக்கொண்டாள். வேலைக்கு வேண்டும் என்றால் எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்வாள். இத்தாலி வேலையைப் பற்றி அவள் சொன்னது ஒன்றுதான்.

"அவரு கடைசியா எழுதின வேலை அண்ணா. எழுதினது எழுதினபடியே போவணும்."

போகும் என்றேன். உன் குறிப்பை வைத்தே வரைந்தேன். மேடையைக் கடலோரமாக, மேற்கு விளிம்பில் போட்டேன். மேலே கூரை வைத்தேன், கடல் பக்கத்தைத் திறந்து விட்டேன். நாலு விளக்குக்கும் நாலு இடம் பார்த்துப் பார்த்து வைத்தேன். கிருஷ்ணகிரி ரோட்டில் கல் அறுக்கிற யூசுப் பாய், கறுப்புக் கல்லை வெட்டி, மெருகேற்றி, அடுப்புக்கும் சிங்க்குக்கும் துளையும் போட்டு முடித்தார். முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மார்க்கோ ஒரு போட்டோ அனுப்பினான். நேற்று அம்மாவைப் பக்கத்து வீட்டார் எடுத்தது, மேடை வரப்போகிற இடம் என்று எழுதியிருந்தான். ஜூலியா அம்மாள் பெரிய தொப்பி போட்டு, கண்ணுக்கு மேலே கையையும் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறாள். எதிரே கடல் வெள்ளித் தட்டாக எரிகிறது. காலையில் எடுத்ததா என்று கேட்டேன். இல்லை, மாலை ஏழு மணி, சமைக்கப் போகும்போது எடுத்தது என்று பதில் வந்தது.

எனக்கு டீ அங்கேயே நின்றுவிட்டது. கோடைக்காலத்தில் அங்கே எட்டரை தாண்டித்தான் பொழுது சாயுமாம். ஜூன், ஜூலையில் இன்னும் நேரமாகுமாம். நமக்கு ஏழு மணி என்றால் இருட்டு. பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஏழு மணிக்கு உலகத்தில் எங்கேயாவது சூரியன் நிற்கும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வெயில் மத்தியானத்திலிருந்து எட்டு மணி வரை, கூரைக்குக் கீழே சாய்ந்து நுழைந்து, அந்தக் கறுப்புக் கல்லின் மேல்தான் அடிக்கப்போகிறது. அந்த அம்மாள் அதில் மாவு தேய்க்கப்போகிறாள்.

கையால் தொட்டே பார்த்துவிடலாம் என்று ஒரு துண்டுக் கல்லை யூசுப் பாய் பட்டறை வாசலில் மத்தியானம் முழுக்கக் கிடத்தி, மூன்று மணிக்குக் கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இதுக்கு எதுக்குப்பா பரீட்சை? கறுப்புக் கல்லு வெயில்ல கெடந்தா தோசைக்கல்லுதான். மஞ்சு நெழல்னு சொன்னான், அதான் வெட்டினேன்."

அன்றைக்கே ரத்னாவிடம் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வாய் வரவில்லை, மாப்ளே. அவளிடம் மிச்சமிருக்கிறது ஒரு நோட்டும், தப்பே பண்ணாத புருஷன் என்கிற பேரும்தான். அதில் போய் நான் எப்படிக் கை வைப்பது? வாயை மூடிக்கொண்டு அனுப்பலாம் என்றால், எழுபது வயது அம்மாள் ஒருத்தி உள்ளங்கை கொப்பளிக்க நிற்பது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. உனக்குத் தெரியாததா, பயந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று கிறுக்குத்தனமாக ஒரு யோசனை வந்தது.

மேடையை வீட்டுச் சுவரோரம் தள்ளிப் புதிதாக வரைந்தேன். வெளிர் சாம்பல் நிறக் கல்லுக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் கல் வந்து இறங்கியது, இறக்கி வைத்தவள் ரத்னா.

"யாருண்ணா கல்ல மாத்தச் சொன்னது?"

"பார்ட்டிதான்."

"எப்போ?"

"போன வாரம். கலர் பிடிக்கலையாம்."

கல்லைச் சுவரில் சாய்த்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மார்க்கோ சாருக்குப் போன் பண்ணினேன். கலரைப் பத்தி நாங்க பேசவே இல்லைன்றாரு. ஏண்ணா, அவரு போனதும் அவரு பாத்து வெச்ச கல்லையும் தூக்கிப் போடணுமா உனக்கு?"

அதற்குப் பிறகு ஆறு நாள் என்னோடு பேசவில்லை. பட்டறையில் என்னைத் தாண்டி மற்றவர்களிடம் பேசினாள். சாப்பாட்டு டப்பாவை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். கறுப்பும் சாம்பலும் இரண்டு கல்லும் சுவரில் சாய்ந்து கிடந்தன. கப்பலுக்கு ஏற்றவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஆகஸ்ட்டில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள், அதற்குள் அடுப்பு எரியவேண்டும் என்று ஜூலியா அம்மாள் முதலிலேயே சொல்லியிருந்தாள். நான் இரண்டு டிராயிங்கையும் திறந்து வைத்துக்கொண்டு எதற்கும் ஓகே கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். உன் மேல் கோபம்கூட வந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கக்கூடாதா நீ?

ஏழாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் கைகழுவப் போனபோது, நோட்டைக் கேட்டேன். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் போட்டோவையும் வைத்தேன்.

"இது எத்தன மணிக்கு எடுத்தது, சொல்லு."

பார்த்தாள். "காலைல பத்து இருக்குமா?"

"சாயந்திரம் ஏழு மணிம்மா."

அவள் போட்டோவைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடியும் போட்டோவைப் பார்த்தாள். உன் கோட்டின் மேல் விரலை வைத்துப் படித்தாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, கெடுத்துவிட்டோம், இருந்ததையும் பிடுங்கிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

"நாலு லைட்டு," என்றாள். "அவ்ளோ வெயில்ல நாலு லைட்டு போட்டிருக்காரு இந்தாளு."

சிரித்துவிட்டாள், மாப்ளே. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பயத்தில் பாதியிலேயே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஏழு மாசமா வர்றவங்க போறவங்கெல்லாம் தப்பே பண்ணாத மனுசன்னு சொல்றாங்க. நானும் ஆமாம் ஆமாம்ன்றேன். யாரைச் சொல்றாங்கன்னே தெரியலண்ணா எனக்கு. கரண்ட் பில்லு கட்ட மறந்துட்டு, கட்டிட்டேன்னு இருட்டுல ஒக்காந்துக்கினு சாதிக்கிற ஆளைத்தான் நான் கட்டிக்கினேன்."

கொஞ்ச நேரம் நோட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "இப்பத்தான் அவரு செத்த மாதிரி இருக்குண்ணா" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். கைகழுவப் போனவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் அவர்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவள் நெடுநேரம் அழுதாள். நானும்தான்.

அன்று சாயந்திரமே அவளே மார்க்கோவைப் பிடித்து, அவன் அம்மாவையும் சேர்த்துப் பேசினாள். "எங்க வீட்டுக்காரர் உங்க ஊர் சூரியனை எங்க ஊர் சூரியன்னு நெனச்சுட்டாரும்மா" என்றாள். மார்க்கோ அதை மொழிபெயர்த்தான். பிறகு அந்த அம்மாள் ஏதோ நீளமாகப் பேசினாள். சுடாத கல் தாமதமாக வந்தாலும் போதும், ஆகஸ்ட் அடுத்த வருஷமும் வரும் என்கிறாள் என்றான். நான்தான் ஏழு மணி என்று சொன்னேன், வெயில் இருக்கும் என்று நானும் சொல்லவில்லையே என்றும் சொன்னாளாம்.

இப்போது மேடை வீட்டுச் சுவரோரம், பக்கவாட்டில் கடல் தெரிகிற மாதிரி. மேற்கே, சாய்த்து வைத்த ஸ்டீல் பட்டைகளால் ஒரு தடுப்பு, காற்று வரும், வெயில் வராது. சாம்பல் கல்லை யூசுப் பாய் ஐந்தே நாளில் முடித்தார். அதையும் வெயிலில் வைத்துக் கையை வைத்தேன், பொறுக்கிற சூடுதான். விளக்கு இரண்டு. உயரம் நீ துடைப்பக் கட்டையால் எடுத்ததே, ஒரு நூல் மாற்றவில்லை.

வியாழக்கிழமை கன்டெய்னர் சென்னைக்குக் கிளம்புகிறது. ஆகஸ்ட் பாதிக்குள் போய்ச் சேருமா தெரியாது. அங்கே பூட்டுகிறவனுக்கு நம் டிராயிங் புரியுமா? கடல் காற்றுக்குத் தாங்கும் என்று எழுதிக் கொடுத்த ஸ்டீல் தாங்குமா? கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வி எங்கே ஒளிந்திருக்கிறது? உன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. என் டிராயிங்குகளில் அதைவிட அதிகம் இருக்கும். குறிப்பு உன்னுடையது என்றாலும், ஒரு வார்த்தை கேட்காமல் நாலு விளக்கை வரைந்தவன் நான்தானே.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னை நல்லவனாக்க ரத்னாவிடம் இனி ஒரு பொய்யும் சொல்லமாட்டேன். பட்டறைக்கு வருகிறவர்கள், மஞ்சு தப்பே பண்ணமாட்டான் என்று ஆரம்பித்தால், "பண்ணுவான், ஒக்காருங்க, சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போடுவேன். உன் தப்பையும் என் தப்பையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். ரத்னா காதில் விழுகிற தூரத்தில் வைத்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
முனிராஜ்